குளிரில் நின்ற ஜெலி மிட்டாய்

வட்டகொடை,
செப்டெம்பர் 14, ஞாயிறு.

அன்பு மகள் சுலக்ஷனாவுக்கு,

அம்மா பூரணி எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முன்னாலேயே மழை வரப்போகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறது, நீயும் டோஹாவில் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கிச் சுகமாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு விஷயத்தைத் தொடங்கினால் பாதி வழியில் "சரிம்மா, டியூட்டிக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது அல்லவா. இன்னொன்று, லீவில் வந்திருந்த நானுஓயா தனுஷிகா வியாழக்கிழமை திரும்பிப் போகிறாள், அவளிடம் ஒரு பிஸ்கட் டின் கொடுத்துவிடுகிறேன், அந்த டின்னின் மேல்தான் இந்தக் கடிதத்தை ரப்பர் பட்டி போட்டுக் கட்டியிருக்கிறேன். டின்னை இப்போது திறக்காதே. முதலில் இதை முழுக்கப் படி. உனக்கு அவசரம் அதிகம் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் மூடியைச் சுற்றி பிளாஸ்டரும் ஒட்டியிருக்கிறேன்.

நீ போன வருஷம் வந்தபோது கொடுத்துவிட்டுப் போன கரடி அச்சு நினைவிருக்கும். ரப்பர் மாதிரி வளைகிற அச்சு, ஒன்றில் ஐம்பது குட்டிக் கரடி. கரடியையே காணாத ஊரில் கரடி மிட்டாயா, சிறுத்தை அச்சு கிடைக்கவில்லையா என்று அப்பா கேலி பண்ணினார். முப்பத்தொரு வருஷம் கொழுந்து கிள்ளிய கைக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை, வேலையை விட்ட பிறகு கை பரபரத்துக்கொண்டே இருந்தது. பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் சுகிர்தத்துக்கும் பிள்ளைகள் எல்லாம் கொழும்புக்குப் போய்விட்டதால் பொழுது போகவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஸ்ட்ரோபெரிச் சாற்றில் ஜெலி மிட்டாய் செய்யலாம் என்று தொடங்கினோம். தலவாக்கலையில் ஜெலட்டின் பவுடர் வாங்கப் போனபோது அப்பா கூட வந்து, "இது என்னாத்துல செய்யிறது முதலாளி?" என்று கேட்டுவிட்டார். அந்தக் கடைக்கார நானாவும் நல்ல மனுஷன், மறைக்கவில்லை, "மாட்டுத் தோலு எலும்புலதான் அண்ணே" என்றார். எடுத்த பக்கெட்டைத் திரும்ப வைத்துவிட்டேன். பிறகு யோசித்தேன், செய்வது ஊருக்கு, தின்பது அவரவர் இஷ்டம். அன்றைக்கே முடிவு பண்ணினோம், வேலை எல்லாம் சுகிர்தத்தின் குசினியில், சட்டி கரண்டி எல்லாம் தனி, நம் சாமி படம் இருக்கும் அறைப் பக்கம் அது வராது. சுகிர்தம் வேதக்காரி, அவளுக்கு அது பாவம் இல்லை. ஆகவே கை என்னுடையது, வாய் அவளுடையது. நான் செய்வேன், அவள் தின்று பார்த்துச் சொல்லுவாள். நான் விரலால் அமுக்கிப் பார்ப்பதோடு சரி. விரலில் எனக்குக் குறை இல்லை, கொழுந்து முற்றலா இளசா என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்ன விரல் இது. டப்பாவின் மேலும் மாட்டு ஜெலட்டின் என்று மூன்று பாஷையிலும் எழுதி ஒட்டுகிறோம், விரதக்காரர்கள் யாரும் தெரியாமல் தின்றுவிடக் கூடாது.

முதல் தவறு அன்னாசியில் வந்தது. ஸ்ட்ரோபெரி நன்றாக வந்ததும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை, கினிகத்தேனைப் பக்கம் இருந்து வந்த நல்ல அன்னாசி ஒன்றை அரைத்துச் சாறு எடுத்து ஊற்றினோம். ஒரு நாள் பார்த்தோம், இரண்டு நாள் பார்த்தோம், அச்சுக்குள் பாயாசம் மாதிரியே கிடந்தது. பவுடர் பழசு என்று சுகிர்தம் கடைக்காரரைத் திட்டினாள். நான் திட்டவில்லை. ஆட்டிறைச்சி வேகாவிட்டால் நாம் பச்சைப் பப்பாசித் துண்டு போடுவோமே, அன்னாசியும் அந்த ஜாதிதானே, நாலு துண்டு தின்றால் நாக்கையே அரிக்கிறது. ஜெலட்டினும் தோலில் இருந்து வந்ததுதான், இறைச்சியைக் கரைக்கிறது அதை மட்டும் விடுமா. மறுநாள் அன்னாசிச் சாற்றைக் கொதிக்க வைத்து, ஆறிய பிறகு ஜெலட்டினில் கலந்து ஊற்றினேன், கரடி நிமிர்ந்து நின்றது. யாரும் சொல்லித் தரவில்லை, நீ படித்த சமையல் டிப்ளோமாவும் என்னிடம் இல்லை, நானே கண்டுபிடித்தேன். இதைப் போனில் சொன்னபோது நீ "ம்" என்றாய். அந்த "ம்" எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சித்திரை வருஷப் பிறப்புக்கு முந்தின ஞாயிறு மலைக்குக் கீழே பொல்பிட்டியவில் பெண்கள் சுயதொழில் கண்காட்சி வைத்தார்களே, அதில் எங்களுக்கும் ஒரு மேசை கிடைத்தது. நம் தோட்டத்தில் இருந்து இதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை. எட்டு அச்சுக் கரடி, நானூறு, எல்லாவற்றையும் தட்டில் வரிசையாக நிறுத்தி, துணி போட்டு மூடி, விடிய ஐந்து மணிக்கு விஜிதரனின் மரக்கறி வேனில் ஏறினோம். உன் மாமா மகன்தான், லீக்ஸ் மூட்டைக்கும் கரட் மூட்டைக்கும் நடுவில் எங்களை ராணி மாதிரி உட்கார வைத்துக் கொண்டுபோய் இறக்கினான். பத்து மணிக்குக் கரடிகள் நின்றன. பதினொன்றுக்கு உட்கார்ந்தன. தகரக் கூரைக்குக் கீழே வெயில் ஏற ஏற முதலில் காது போனது, பிறகு முகம் போனது, பன்னிரண்டுக்கெல்லாம் தட்டில் சிவப்பாக ஒரே குளம், ஈ மொய்க்கிறது. சுகிர்தம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை, துணியை இழுத்து மூடிவிட்டு நின்றேன். பக்கத்து மேசையில் அவல் உருண்டை வாங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா தன் கூட வந்தவளிடம் சிங்களத்தில் சொன்னாள், தோட்டத்து ஆட்களுக்குத் தேயிலை கிள்ளத்தான் கை வரும் என்று. எனக்குச் சிங்களம் தெரியாது என்று நினைத்தாளோ, தெரிந்தால் என்ன என்று நினைத்தாளோ. அன்று மாலை நீ கூப்பிட்டாய், நடந்ததைச் சொன்னேன். "விட்டுருங்கம்மா, இதெல்லாம் நமக்கு வராது" என்றாய். மகளே, நீ பாசத்தில்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். ஆனால் அந்த அம்மா சொன்னதைவிட நீ சொன்னது எனக்கு அதிகமாகச் சுட்டது. வெளியாள் சொன்னால் போகட்டும் என்று விடலாம். பெற்ற பிள்ளையும் அதையே சொன்னால் எங்கே போய் விடுவது. அடுத்த கண்காட்சியில் அதே இடத்தில் நின்று காட்டாமல் இந்த அச்சைத் தூக்கிப் பரணில் போட மாட்டேன் என்று அன்று ராத்திரி மனசுக்குள் சொல்லிக்கொண்டேன், உன்னிடம் சொல்லவில்லை.

இதில் ஒரு வேடிக்கையை நீ கேட்க வேண்டும். பொல்பிட்டியவில் குளமாகக் கிடந்த தட்டை அப்படியே பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஹட்டன் தாண்டும்போதே குளிர் அடித்தது. வட்டகொடையில் இறங்கித் துணியை எடுத்துப் பார்த்தால் எல்லாம் இறுகி ஒரே பலகை, தட்டினால் சத்தம் வராத பலகை, அவ்வளவுதான். நானும் சுகிர்தமும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டோம். மறுநாள் காலை தலைக்கு வைக்கத் தேங்காய் எண்ணெய்ப் போத்தலை எடுத்தேன், வழக்கம்போல உறைந்துபோய்க் கிடந்தது, அடுப்புப் பக்கத்தில் வைத்தால்தான் இளகும். பொல்பிட்டியவில் யாராவது எண்ணெய்ப் போத்தலை அடுப்பில் காட்டுவார்களா. அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் மிட்டாய் எங்கள் கைத்திறமையில் நிற்கவில்லை, வட்டகொடைக் குளிர் பிடித்துக்கொண்டு நின்றது. நாங்களோ அந்தப் பெருமையை எங்கள் பெயரில் எழுதிக்கொண்டோம். இந்தக் குளிரிலேயே பிறந்து இதிலேயே வளர்ந்த ஆட்களுக்கு இது குளிர் என்றே தோன்றுவதில்லை, உலகமே இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டோம். இப்படி ஒரு முட்டாள்தனம் நம்மைத் தவிர வேறு யாருக்கும் வராது என்று சொல்லி இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம்.

அதற்குப் பிறகு நாலு மாசம் நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே. ஒரு கப் சாற்றுக்கு ஒரு மேசைக்கரண்டி ஜெலட்டின் போட்டுக்கொண்டிருந்தோம், தண்ணீர்தான் எதிரி என்று தெரிந்ததும் சாற்றைச் சீனியோடு பாதியாகச் சுண்ட விட்டு மூன்று கரண்டி போட்டோம். சூடான சாற்றில் பவுடரைக் கொட்டினால் கட்டி கட்டியாகத் திரண்டது, அதனால் முதலில் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, அது பஞ்சு மாதிரி உப்பிய பிறகு, சுடுதண்ணீர்ச் சட்டிக்கு மேல் வைத்து இளக்கினேன். ஒருநாள் சுகிர்தம் அவசரப்பட்டு அதை அடுப்பிலேயே கொதிக்க விட்டாள், அந்த ஈடு முழுக்கத் தொளதொளவென்று போனது, கொதித்தால் அதன் பலம் போய்விடும் போலிருக்கிறது. அச்சில் இருந்து எடுத்துச் சீனியில் புரட்டி வைத்தால் நம் ஊர் பனிமூட்டம் உள்ளே வந்து சீனியெல்லாம் வேர்த்துப் பாகாக ஓடியது. காய வைக்க வேண்டும் என்று அடுப்புக்கு மேலே பரணில் வைத்தேன், கருவாட்டுப் புகை பிடித்துக்கொண்டது, சுகிர்தம் வாயில் போட்ட வேகத்தில் துப்பிவிட்டு, "அக்கா, இது கரடி இல்ல, நெத்திலி" என்றாள். தேயிலைப் பெக்டரியில் கொழுந்து வாட்டுகிற மாடியில் ஒரு மூலை கிடைக்குமா என்று அப்பா தன் பழைய சிநேகிதர்களிடம் கேட்டுப் பார்த்தார், தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும், பிறகு ஸ்ட்ரோபெரித் தேயிலை ஏலத்துக்குப் போகும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான். கடைசியில் உன் புத்தக அலுமாரிதான் கைகொடுத்தது. கோபித்துக்கொள்ளாதே. புத்தகத்தையெல்லாம் பத்திரமாகப் பெட்டியில் கட்டி வைத்துவிட்டு, அலுமாரியை வெளித் திண்ணை இஸ்தோப்புக்கு இழுத்துப் போட்டு, அடித்தட்டில் கோழிக்குஞ்சுக்கு வைக்கிற பல்பை எரியவிட்டு, மேல்தட்டுகளில் கரடிகளை அடுக்கிக் கதவைச் சாத்தினோம். பனி உள்ளே வராது, சூடும் அதிகம் இல்லை. இரண்டு நாளில் தோல் காய்ந்து, அமுக்கினால் என் விரலை எதிர்த்துத் தள்ளியது. சீனியை விட்டுவிட்டு சோளமாவை லேசாகத் தூவினோம். அலுமாரிக் கதவின் உள்பக்கம் நீ ஓ.எல். பரீட்சை ரிசல்ட் வந்த அன்று ஒட்டிய தாள் இன்னும் அப்படியே இருக்கிறது, கரடிகள் எல்லாம் அதைப் பார்த்துக்கொண்டுதான் காய்ந்தன.

ஆனால் வெயிலில் நிற்குமா என்று வட்டகொடையில் இருந்துகொண்டு எப்படித் தெரிந்துகொள்வது. அதற்கு விஜிதரன்தான். கிழமைக்கு மூன்று தடவை மரக்கறி ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகிறான், சீட்டுக்கு அடியில் ஒரு டின் வைத்து அனுப்பினேன். முதல் தடவை அவிசாவளையில் நின்று கூப்பிட்டு, "அத்தே, கரடிக்குக் காதைக் காணோம்" என்றான். இன்னும் கொஞ்சம் தண்ணீரைக் குறைத்தேன். இரண்டாம் தடவை, "காது இருக்கு, ஆனா எல்லாம் கட்டிப்புடிச்சிக்கிட்டு தூங்குது" என்றான். அலுமாரியில் இன்னும் ஒரு நாள் சேர்த்து வைத்தேன். மூன்றாம் தடவை கொழும்பில் மத்தியானம் மூட்டை இறக்கிவிட்டு, வேர்த்து விறுவிறுத்துப்போய்க் கூப்பிட்டான். "அத்தே, நான்தான் உருகிட்டேன், கரடி எல்லாம் அப்படியே நிக்கிது, காதோட" என்றான். சுகிர்தம் அங்கேயே முழங்காலில் நின்று மாதாவுக்கு நன்றி சொன்னாள். நான் முருகனுக்குச் சொன்னேன்.

ஆகஸ்ட் கண்காட்சிக்கு மேசை கேட்டுப் போனபோது பொறுப்பாக இருந்த சிங்கள அதிகாரி நோனா தயங்கினார். போன தடவை நடந்தது அவருக்கும் தெரியும், குறை சொல்ல முடியாது. சரி, ஒரு மேசை மிச்சம் இருக்கிறது என்று கூரை முடிகிற இடத்தில், வெயில் நேரே விழுகிற மூலையில் கொடுத்தார். சுகிர்தம் முகம் சுருங்கியது. நான் அதுதான் வேண்டும் என்றேன். போனில் நீ எப்படிம்மா போனது என்று கேட்டபோது பரவாயில்லை என்று மட்டும் சொன்னேனே, இப்போது கேள். பத்து மணிக்கு நின்றன. பதினொன்றுக்கு நின்றன. பன்னிரண்டுக்கு நான் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டேன், கரடிகள் நின்றன. ஒரு மணிக்கு அந்த நோனாவே வந்து, ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்து, வாயில் போட்டு, இன்னும் இரண்டை எடுத்துக்கொண்டு, இது எப்படி உருகாமல் நிற்கிறது என்று கேட்டார். பக்கத்து மேசைக்காரிகளும் வந்து கூடிவிட்டார்கள். என் கையில் மைக்கைக் கொடுத்துச் சொல்லச் சொன்னார். மகளே, நான் காலைப் பெரட்டு வரிசையில் நின்று வேலை கேட்டிருக்கிறேன், கொழுந்து நிறுவையில் மேற்பார்வைக் கண்டாக்கோடு சண்டை போட்டிருக்கிறேன், மைக்கைப் பிடித்ததில்லை. என் சிங்களம் உனக்குத் தெரியும், நொண்டி நொண்டித்தான் நடக்கும். ஆனாலும் சொன்னேன், அன்னாசியைச் சொன்னேன், ஊறவைப்பதைச் சொன்னேன், அலுமாரியைச் சொன்னேன், சித்திரையில் இதே இடத்தில் எல்லாம் உருகிப்போய் நின்றதையும் மறைக்காமல் சொன்னேன். சிரித்தார்கள், ஆனால் என்னைப் பார்த்து இல்லை, என்னோடு சேர்ந்து சிரித்தார்கள். முழங்கால் வலி என்று சொல்லி வீட்டில் படுத்திருந்த உன் அப்பா, தேத்தண்ணிக் கடைப் பக்கம் ஒளிந்து நின்று கை தட்டியதை நான் மைக்கைப் பிடித்தபடியே பார்த்துவிட்டேன். எனக்குத் தெரியாமல் பின்னால் பஸ்ஸில் வந்திருக்கிறார். கேட்டால் ஹட்டனுக்கு மருந்து வாங்க வந்தேன் என்கிறார். ஹட்டன் எங்கே, பொல்பிட்டிய எங்கே.

மூன்று மணிக்குத் தட்டு காலி. மேசைக்கு முன்னால் பலகை மாட்டுவதற்குக் காலையிலேயே பெயர் கேட்டிருந்தார்கள், சுகிர்தம் தன் பெயர் வேண்டாம் என்று ஒரே பிடிவாதம், "செஞ்சது நீங்க, நான் தின்னவ" என்றாள். அதனால் வட்டகொடை இ. பூரணி என்று பெரிய எழுத்தில் மூன்று பாஷையிலும் எழுதித் தொங்கவிட்டார்கள். இத்தனை வருஷம் என் பெயரைத் தோட்டத்துச் சம்பளப் பதிவு செக்ரோலிலும், உன் பள்ளிக்கூட ரிப்போட்டில் கையெழுத்துப் போடும் இடத்திலும்தான் பார்த்திருக்கிறேன். எனக்குப் பெருமையாக இருந்தது சுலோ, அதை ஏன் மறைக்க வேண்டும், பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பலகையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சித்திரைக் கண்காட்சிக்கு இப்போதே மேசை சொல்லியாகிவிட்டது, இந்தத் தடவை நிழலில். நீ சொன்னதை நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை, ஆனால் ஒன்றைக் கேட்டுக்கொள். உன் ஹோட்டலில் கேக் செய்கிற பிரிவுக்கு மாறப் பரீட்சை வருகிறது, பாஸாக மாட்டேன் என்று போன கிழமை அழுதாயே, இதெல்லாம் நமக்கு வராது என்கிற பேச்சை இனி நம் வீட்டில் யாரும் பேசக் கூடாது. தோற்றால் எதில் தோற்றோம் என்று பார், தண்ணீர் கூடிவிட்டதா, சூடு கூடிவிட்டதா என்று பார். பிறகு மறுபடி எழுது. நீ எங்கள் பிள்ளை, உன்னால் முடியும் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

அங்கே குளிர்சாதனத்துக்குக் கீழே நேராகப் படுக்காதே, தலையில் எண்ணெய் வை, வெள்ளிக்கிழமையாவது ஒரு வேளை சோறு சமைத்துச் சாப்பிடு. தனுஷிகாவிடம் கருவேப்பிலையும் மாசிச் சம்பலும் தனியாகக் கொடுத்திருக்கிறேன். எல்லாக் கடவுளும் உனக்குத் துணை இருக்கட்டும், நினைத்தது நடக்கட்டும், அப்பாவும் தன் ஆசீர்வாதத்தை எழுதச் சொன்னார், சுகிர்தமும் தன் ஜெபத்தில் உன்னைச் சேர்த்துக்கொள்கிறாள்.

இனி டின்னைத் திறக்கலாம். கொழும்பு வெயிலைத் தாண்டிவிட்டோம், டோஹா வெயில்தான் மிச்சம். கரடி எல்லாம் ஒட்டிக்கொண்டு பலகையாகக் கிடந்தால் எனக்கு மட்டும் சொல், சுகிர்தத்திடம் சொல்லாதே, அவள் மறுபடி அழுவாள். காதோடு தனித்தனியாக நின்றால் எல்லோருக்கும் சொல். பிறகு ஒன்றை எடுத்து வாயில் போடு. ஹோட்டலில் நீ மாட்டிறைச்சி உட்பட எல்லாவற்றையும் ருசி பார்த்துத்தான் வேலை செய்கிறாய் என்று எனக்குத் தெரியும், அப்பாவிடம் சொல்லவில்லை. மெதுவாக மென்று, எப்படி இருக்கிறது என்று எனக்குச் சொல். ஆயிரக்கணக்கில் செய்துவிட்டேன், இன்னும் அதன் ருசி எனக்குத் தெரியாது. சுகிர்தம் நன்றாக இருக்கிறது என்று சொன்னாள், அந்த நோனாவும் சொன்னார். நீ சொன்னால்தான் நான் நம்புவேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் அம்மா,
வட்டகொடை இ. பூரணி